ஏரி வாரியம் முதல் நீதிப்பேராணை வரை: பாலாற்றுப் படுகையில் நிலத்தடி நீரும் குடிமக்களும்

ஆய்வுச் சுருக்கம்

காஞ்சிபுரம் வட்டாரத்தின் நீர் வரலாறு பெரும்பாலும் ஏரிகளின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. ஏரிக்குக் கீழே மண்ணுள் உறையும் நீரைக் காத்தவர் யார், அதில் ஊரார்க்கு இருந்த பங்கு எத்தகையது என்னும் வினா தனியே எழுப்பப்படவில்லை. பல்லவர் செப்பேடுகள், உத்தரமேரூர்ச் சபைக் கல்வெட்டுகள், ஜாகீர்க் கால ஆவணங்கள், 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், தோல் பதனிடும் ஆலைகளுக்கு எதிராக 1991இல் தொடரப்பட்ட வழக்கு ஆகியவற்றை ஒரே தொடரில் வைத்து அவ்வினாவை ஆராய்கிறது இக்கட்டுரை. ஏரி நீர் ஊர்ப்பொதுவாகவும் கிணற்று நீர் நிலவுடைமையின் பகுதியாகவும் பிரிந்ததே பிற்காலச் சிக்கலின் வேர் என்பது இதன் கருத்து.

திறவுச் சொற்கள்: காஞ்சிபுரம், பாலாறு, ஏரி வாரியம், குடிமராமத்து, நிலத்தடி நீர், கிராமசபை

ஊற்றுக்காட்டுக் கோட்டம்

பண்டைத் தொண்டை மண்டலத்தின் கோட்டங்களுள் ஒன்றன் பெயர் ஊற்றுக்காட்டுக் கோட்டம். இன்று வாலாஜாபாத்தை அடுத்துள்ள ஊத்துக்காடு என்னும் சிற்றூர் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. காரைக்காலுக்கு அருகில் கிடைத்த காசாக்குடிச் செப்பேடுகளில், இரண்டாம் நந்திவர்மப் பல்லவன் தன் 22ஆம் ஆட்சியாண்டில் இக்கோட்டத்துக் கொடுகொள்ளி என்னும் ஊரைப் பிரமதேயமாக அளித்த செய்தி உள்ளது. கொடையின் எல்லைகளைச் சொல்லி முடித்ததும் அச்செப்பேடு நீருரிமைக்கு வருகிறது. சேயாறு, வெஃகா, திரையன் ஏரி ஆகிய மூன்றிலிருந்தும் கால்வாய் வெட்டி நீர் கொண்டுவரும் உரிமை கொடை பெற்றவனுக்கு உண்டு. அக்கால்வாய்களில் பிறர் கூடையால் இறைத்தாலும், கிளைக்கால் வெட்டினாலும், சிற்றேற்றம் இட்டாலும் அரசன் தண்டம் கொள்வான். வெஃகா என்பது இன்று காஞ்சி நகரின் கழிவைச் சுமந்தோடும் வேகவதி. திரையன் ஏரி இன்றைய தென்னேரி.

இச்செப்பேட்டை நீர்ப்பாசனத் தொழில்நுட்பத்திற்குச் சான்றாகக் காட்டுவோர் பலர். அதிலுள்ள தண்டப் பிரிவு அத்துணைக் கவனம் பெறவில்லை. கூடையால் இறைப்பவன் யார்? நிலமும் கால்வாயும் இல்லாதவன், அல்லது அருகிலுள்ள புன்செய்க்காரன். எட்டாம் நூற்றாண்டிலேயே நீரைக் காப்பது என்பது ஒருவனுக்கு உரிமை தந்து வேறொருவனை விலக்குவதாக இருந்தது என்பதை அத்தொடர் மறைக்காமல் சொல்கிறது. சோழர் காலச் செப்பேடுகளிலும் குற்றேத்தம், கூடைநீர் ஆகியவற்றிற்குத் தடை தொடர்ந்து வருகிறது. அவற்றோடு 'துரவு கிணறு' இழிச்சிக்கொள்ளும் உரிமையும் கொடையின் பகுதியாகக் குறிக்கப்படும். கிணறு தோண்டுவது அவரவர் விருப்பம் என்னும் நிலை அன்று இருந்ததாகக் கொள்வதற்கில்லை. அது கேட்டுப் பெறும் உரிமையாகவே எழுதப்பட்டுள்ளது.

காஞ்சிக்கு அருகிலுள்ள கூரத்துச் செப்பேடு மற்றொரு கூற்றைத் தெளிவாக்குகிறது. முதலாம் பரமேசுவரவர்மன் காலத்து அவ்வாவணம் பரமேசுவர தடாகம் என்னும் ஏரியையும், பாலாற்றிலிருந்து அதற்கு நீர் கொணர்ந்த பெரும்பிடுகு என்னும் கால்வாயையும் குறிப்பிடுகிறது. பாலாறு ஆண்டு முழுவதும் ஓடும் ஆறன்று. கருநாடகத்தில் 93 கிலோமீட்டர், ஆந்திரத்தில் 33 கிலோமீட்டர், தமிழகத்தில் 222 கிலோமீட்டர் என ஓடும் அவ்வாற்றில் வெள்ளம் வருவது சில நாள்களே. மணலுக்கடியில் மட்டும் நீர் நெடுநாள் நிற்கும். அந்த மணலைக் கீறி எடுத்த ஊற்றுக்கால்வாய்கள் ஏரிகளை நிரப்பின. ஏரி நிரம்பியபோது அதன் கீழ்ப்பாங்கிலுள்ள கிணறுகள் ஊறின. ஆற்று மணல், ஏரி, கிணறு ஆகிய மூன்றும் ஒரே நீரின் மூன்று நிலைகள். ஆதலின் ஏரியைத் தூர்வாரியவர் அறிந்தோ அறியாமலோ நிலத்தடி நீரையும் காத்தனர்.

உத்தரமேரூர்: புகழும் வரம்பும்

உத்தரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரிலுள்ள முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) தமிழர் மேடைகளில் ஓயாது நினைவுகூரப்படுபவை. 1898இல் படியெடுக்கப்பட்டு, வெங்கையாவின் விளக்கத்தோடு இந்தியத் தொல்லியல் துறையின் 1904–05ஆம் ஆண்டறிக்கையில் வெளிவந்த நாள்முதல் குடவோலை முறை மக்களாட்சியின் முன்னோடியாகப் போற்றப்படுகிறது. இங்கே நமக்கு வேண்டுவது தேர்தல் முறை மட்டுமன்று. தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்ன செய்தனர் என்பதும் ஆகும்.

ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. சம்வத்சர வாரியத்திற்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்திற்குப் பன்னிருவர், ஏரி வாரியத்திற்கு அறுவர் எனக் குடவோலையால் தேர்ந்தனர். பதவிக்காலம் 360 நாள். கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடையவராகவும், சொந்த மனையில் வீடு கட்டியவராகவும், மறைக்கல்வி உடையவராகவும் இருத்தல் வேண்டும். முதற்கல்வெட்டில் முப்பது முதல் அறுபது வரை என இருந்த அகவை வரம்பு இரண்டே ஆண்டில் முப்பத்தைந்து முதல் எழுபது வரை எனத் திருத்தப்பட்டது. கடந்த மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவருக்கு மீண்டும் இடமில்லை. முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதிருந்தவர் விலக்கப்பட்டனர். அவர்தம் நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர்.

இவ்விறுதி விதியே ஏரி வாரியத்தின் உயிர்நிலை என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம். ஆறு பேர் ஓராண்டுக்கு வருகின்றனர். அவர்கள் பொறுப்பில் ஏரிக்கென விடப்பட்ட நிலம், பொன், நெல் ஆகியவை உள்ளன. தொண்டை மண்டலத்துக் கல்வெட்டுகள் பலவற்றில் ஏரியாயம் என்னும் வரியும், தூர் எடுத்துச் செல்லும் ஓடங்களுக்கான அறக்கட்டளைகளும் பேசப்படுகின்றன. அதாவது, தூர்வாருதல் ஆண்டுதோறும் நிகழ வேண்டிய, செலவுக்குப் பொருள் ஒதுக்கப்பட்ட, கணக்குக் காட்ட வேண்டிய பணி. உத்தரமேரூர்ப் பேரேரி வயிரமேக தடாகம் என்னும் பெயரைப் பல்லவர் காலத்திலேயே பெற்றிருந்தது. ஏரி வாரியம் அதனைத் தொடர்ந்து பேணிய அமைப்பேயன்றி, புதிதாக வெட்டிய அமைப்பன்று. தமிழக நீர் வரலாற்றில் வெட்டியவன் பெயர் நிற்கிறது. ஆண்டுதோறும் வண்டல் அள்ளியவர் பெயர் நிற்பதில்லை.

மறுபுறம், அச்சபை பிரமதேயச் சபை. பெண்டிர்க்கும், நிலமற்ற உழுகுடிகளுக்கும், மண் சுமந்தோர்க்கும் அதில் இடமில்லை. நீரைப் பற்றிய நுட்பமான அறிவு யாரிடம் இருந்ததோ அவர்கள் குடத்தில் ஓலையிடும் உரிமை பெறவில்லை. உத்தரமேரூரை முன்மாதிரியாகக் காட்டும் எழுத்துகள் இதனை ஒரு வரியில் கடந்துவிடுவது வழக்கம். அவ்வாறு கடக்க இயலாது என்பதைப் பின்வரும் நூற்றாண்டுகள் காட்டும்.

ஜாகீர்: மேரையும் மராமத்தும்

ஆர்க்காட்டு நவாபு முகம்மதலி 1763இல் கிழக்கிந்தியக் கும்பினிக்கு அளித்த ஜாகீரே பின்னாளில் செங்கல்பட்டு மாவட்டமாயிற்று. தாமசு பர்னார்டு 1767க்கும் 1774க்கும் இடையே அதனை அளந்தார். அவ்வளவையோடு தொடர்புடைய ஓலைக் கணக்குகளுள் திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய இரண்டு ஊர்களுக்கு உரியவை அச்சேறியுள்ளன. அவற்றைப் படிப்போர்க்கு ஒரு செய்தி பளிச்சிடும். களத்தில் நெல் குவிந்தவுடன், உடையவன் பங்கும் அரசன் பங்கும் பிரிக்கப்படுவதற்கு முன்பே, ஏரிக்கும் கோயிலுக்கும் கணக்கனுக்கும் தச்சனுக்கும் வெட்டியானுக்கும் மேரை அளக்கப்பட்டது. ஏரியும் ஊர்ப்பணியாளரைப் போன்று பங்கு பெறும் ஓர் உறுப்பு. இவ்வட்டாரத்தில் கம்புகட்டி என வழங்கப்பட்டவர் மதகைத் திறந்து மூடி, வயல்தோறும் நீர் முறை பார்த்து, அதற்கான மேரையைப் பெற்றார்.

1794 முதல் 1798 வரை ஜாகீரின் கலெக்டராக இருந்த லயனல் பிளேசு, 1799இல் அளித்த நீண்ட அறிக்கையில் இம்முறைகளை விரித்துரைத்தார். மதுராந்தகம் ஏரிக்கரையைப் பழுதுபார்த்தவரும் அவரே. பெருமழை இரவில் இராமனும் இலக்குவனும் வில்லேந்திக் கரையில் நின்றதை அவர் கண்டதாக ஏரிகாத்த இராமர் கோயில் மரபு கூறும். அம்மரபின் உண்மை நம் ஆய்வுக்கு உரியதன்று. கரை உடையுமோ என அஞ்சி ஊரார் இரவில் விழித்திருக்கும் வழக்கத்தின் நினைவாக மட்டும் அதனைக் கொள்ளலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேரைகளையும் மானியங்களையும் அரசு தன் வருவாயோடு சேர்த்துக்கொண்டது. ஏரிக்கு உரிய பங்கு கருவூலத்துக்குப் போயிற்று; ஏரியில் உழைக்கும் கடமை மட்டும் ஊரிடம் விடப்பட்டது. அக்கடமையைச் சட்டத்தால் வற்புறுத்த 1858ஆம் ஆண்டின் முதலாம் சட்டம் இயற்றப்பட்டது. வழக்கப்படியான உழைப்பைத் தராதவர் அதன் மதிப்பைப் போல் இருமடங்கு செலுத்த வேண்டும் என்றது அது. குடிமராமத்து என்று நாம் இன்று பெருமையோடு சொல்லும் சொல் நிருவாக மொழியில் நிலைபெற்ற காலமும் இதுவே. குடிமராமத்து தொன்மையான தன்னார்வ மரபு என்னும் கருத்தே பெரிதும் காலனிய அரசு உருவாக்கிய ஒன்று என்பார் டேவிட் மோசு. அவர் கூற்று முற்றிலும் ஏற்கத்தக்கதன்று. களத்து மேரை ஓர் உண்மை. ஆயினும், வருவாயை எடுத்துக்கொண்டு உழைப்பை மட்டும் கேட்ட அரசு, ஊர் ஒத்துழைக்கவில்லை என்று குறைகூறியதை ஆவணங்களில் காணும்போது மோசின் ஐயம் வலுப்பெறுகிறது.

1882: கிணறு தனியுடைமையாதல்

ஏரியைப் பொறுத்தவரை அரசும் ஊரும் வழக்காடிக்கொண்டிருந்த காலத்தில், நிலத்தடி நீர் ஓசையின்றி வேறொரு வழியில் சென்றது. வரையறுத்த போக்கில் ஓடாமல் நிலத்தின் அடியில் உள்ள நீர் முழுவதையும் தன் எல்லைக்குள் சேர்த்து எடுத்துக்கொள்வதற்கு நிலவுடைமையாளருக்கு உரிமை உண்டு என்பது 1882ஆம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டம் ஏழாம் பிரிவின் எடுத்துக்காட்டு ஒன்றில் கண்ட நெறி. ஆக்டன் எதிர் பிளண்டல் (1843), சேசுமோர் எதிர் ரிச்சர்ட்சு (1859) ஆகிய ஆங்கில வழக்குகளில் உருவான நெறி அது. மண்ணுக்கடியில் நீர் ஓடும் வழி எவருக்கும் தெரியாது, ஆதலால் அதற்கு விதி செய்ய இயலாது என்பது அன்றைய நீதிபதிகள் கருதியது. மழை குறையாத இங்கிலாந்தில் அந்நெறி பெரிய தீங்கு செய்திராது. ஏரியும் ஊற்றும் கிணறும் ஒன்றோடொன்று பிணைந்த செங்கல்பட்டு மண்ணில் அதன் விளைவு வேறு.

இச்சட்டம் முதலில் நடைமுறைக்கு வந்த பகுதிகளுள் சென்னை மாகாணமும் ஒன்று. அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்குப் பின்னர், செங்கல்பட்டுக் கலெக்டர் திரெமென்கீர் அம்மாவட்டத்துப் பறையர் நிலை குறித்து அரசுக்கு அளித்த குறிப்பு, நிலமின்மையே அவர்தம் துயரின் அடிப்படை என எடுத்துரைத்தது. 1892ஆம் ஆண்டின் பஞ்சமி நில ஆணைக்கு அது வழிவகுத்தது. இவ்விரு ஆவணங்களையும் சேர்த்துப் படித்தவர் அரியர். நிலத்தோடு நீரும் சேர்ந்தது எனின், நிலமற்றவருக்குக் காலடியில் உள்ள நீரிலும் உரிமையில்லை. ஊர்ப் பொதுக்கிணற்றில் சாதியால் விலக்கப்பட்டவர் சட்டத்தாலும் தமக்கெனக் கிணறு இழிச்ச இயலாதவராயினர். நிலத்தடி நீரைக் காப்பதில் 'குடிமக்கள்' யார் என்னும் வினாவுக்கு அன்று கிடைத்த விடை, உத்தரமேரூரின் கால் வேலி விதியிலிருந்து வெகு தொலைவில் இல்லை.

ஏற்றமும் கவலையும் இறைத்த காலம்வரை இந்த உரிமைக்கு இயற்கையே வரம்பிட்டது. மாடு இழுக்கும் ஆழத்திற்குமேல் நீர் எடுக்க முடியாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் எண்ணெய் எந்திர இறைப்பைச் சென்னை மாகாணத்தில் பரப்ப முயன்றார். விடுதலைக்குப்பின் மின்சார மோட்டாரும், அதன்பின் ஆழ்துளைக் குழாயும் வந்தன. 1980களில் சிறு உழவர்க்கும், 1990களின் தொடக்கத்தில் அனைத்து உழவர்க்கும் மின்சாரம் கட்டணமின்றி வழங்கப்பட்டது. அக்கொள்கை ஏழை உழவரைக் காத்தது என்பதை மறுப்பதற்கில்லை. அதே வேளையில், சொந்தக் கிணறு உடையவருக்கு ஏரி மதகின்மீது இருந்த அக்கறை தளர்ந்தது. கம்புகட்டிக்கு அளக்க நெல் இல்லாமற் போன ஊர்களில் கிணறுகள் முதலில் ஆழமாயின, பின்னர் வறண்டன.

தோல், மணல், நகரம்

பாலாற்றின் மேற்படுகையில் வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல் பதனிடுவதில் முன்னணியில் நிற்பவை. குரோமியத்தால் பதனிடும் முறை பரவியபின் ஒவ்வொரு கிலோ தோலுக்கும் பல லிட்டர் கழிவுநீர் ஏரியிலும் ஆற்றிலும் விடப்பட்டது. 1991இல் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் என்னும் அமைப்பு இந்திய உச்ச நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனு ஒன்றைத் தாக்கல் செய்தது. எம்.சி. மேத்தா வழக்காடினார். நீதிபதிகள் குல்தீப் சிங், ஃபைசானுதீன், க. வேங்கடசாமி ஆகியோர் 1996 ஆகத்து 28இல் தீர்ப்பளித்தனர்.

சுற்றுச்சூழல் சட்டம் பயில்வோர் இத்தீர்ப்பை முன்னெச்சரிக்கை நெறிக்காகவும், மாசுபடுத்தியவரே ஈடுதர வேண்டும் என்னும் நெறிக்காகவும் படிப்பர். வரலாற்று மாணவர்க்கு அதில் வேறொரு செல்வம் உண்டு. நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட சான்றுகள் எங்கிருந்து வந்தன என்று பார்க்க வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம், ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாததாயிற்று என்று கணித்திருந்தது. காந்திகிராமத்தைச் சார்ந்த தன்னார்வ அமைப்பொன்று திண்டுக்கல் பகுதியில் 13 ஊர்களில் கிணறு கிணறாகச் சென்று, 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன எனப் பதிந்திருந்தது. நிலத்துக்கடியில் நீர் செல்லும் வழி அறியப்படாதது என்று கருதிய பத்தொன்பதாம் நூற்றாண்டு நெறிக்கு, ஊராரின் கிணற்றுக் கணக்கெடுப்பு விடையாக வந்தது.

மாசுபடுத்திய ஆலைகள் ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் தண்டம் கட்ட வேண்டும், இழப்பை மதிப்பிட ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஆணையம் அமைக்க வேண்டும், சென்னை உயர் நீதிமன்றத்தில் பசுமை ஆயம் ஒன்று இவற்றைக் கண்காணிக்க வேண்டும் என ஆணை பிறந்தது. அமைந்த ஆணையம் வேலூர் மாவட்டத்தில் 29,193 பேரைப் பாதிக்கப்பட்டோராகக் கண்டு, ஏறத்தாழ 26.82 கோடி ரூபாய் ஈட்டுத்தொகையாக விதித்தது. ஒருவருக்குச் சராசரியாகப் பத்தாயிரம் ரூபாய்கூட வராத தொகை அது. கெட்ட கிணறு ஒன்றை மூடி வேறொன்று தோண்டவும் அது போதாது. வழக்கு அத்துடன் முடியவில்லை. 2025 சனவரி 30இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, நிலுவையிலுள்ள ஈட்டுத்தொகையை ஆறு வாரங்களில் வழங்கவும், அதனை மாசுபடுத்தியவரிடம் வசூலிக்கவும், புதியதொரு குழு அமைக்கவும் ஆணையிட்டது. 1991க்கும் 2025க்கும் இடையே ஒரு தலைமுறை உழவர் மறைந்துவிட்டனர்.

கீழ்ப்படுகையில், காஞ்சிபுரம் பகுதியில், இடர் வேறு உருவில் வந்தது. காஞ்சி நகரின் குடிநீர் ஓரிக்கை, திருப்பாற்கடல் ஆகிய இடங்களில் பாலாற்று மணலுக்குள் அமைந்த கிணறுகளிலிருந்து வருகிறது. பட்டு நெசவுக்கும் நீர் இன்றியமையாதது. கச்சாப் பட்டின் பசை நீக்கவும், சாயமேற்றவும், அலசவும் நல்ல தண்ணீர் வேண்டும். உப்பு மிகுந்த நீரில் சாயம் சீராகப் பிடிக்காது. அலசிய நீர் தெருச் சாக்கடை வழியே வேகவதியைச் சேர்ந்து மீண்டும் மண்ணுள் இறங்கும். நெசவுக்கு நீர் தரும் மண்ணே நெசவின் கழிவையும் ஏற்கும் இவ்விரட்டை நிலை காஞ்சிக்கு உரியது.

இந்நீருக்கெல்லாம் காப்பாக இருந்த ஆற்று மணல், சென்னையின் கட்டடப் பெருக்கத்தோடு வண்டி வண்டியாக வெளியேறியது. 2003 அக்டோபரில் மணல் அள்ளும் உரிமையை அரசு தானே ஏற்றுக்கொண்டது. அதனால் மணல் கொள்ளை நின்றுவிடவில்லை. கரையோர ஊர்களின் உழவர், ஊராட்சித் தலைவர், பெண்கள் குழுக்கள், செங்கல்பட்டு, காஞ்சிப் பகுதித் தன்னார்வலர் ஆகியோர் மறியல், நடைப்பயணம், பொதுநல வழக்கு எனப் பல வடிவங்களில் எதிர்த்தனர். ஆர்.ஆர். சீனிவாசனின் 'என் பெயர் பாலாறு' என்னும் ஆவணப்படம் அக்காலத்தின் குரல்களைப் பதிந்துள்ளது. வாய்மொழி வரலாற்றாய்வாளர் அதனை ஆவணமாகவே கொள்ளலாம்.

2002இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் ச. ஜனகராஜன் முன்முயற்சியில் நிகழ்ந்த பாலாற்றுப் படுகை உரையாடல் தனியே சுட்டத்தக்கது. தோல் ஆலையாளரையும் உழவரையும் தன்னார்வ அமைப்பினரையும் அதிகாரிகளையும் ஒரே அவையில் அமர்த்தியது அது. வழக்குமன்றத்தில் எதிரெதிர் நின்றோர் நேருக்கு நேர் பேசினர். சட்ட வலிமை ஏதும் அதற்கு இல்லை. ஆயினும், பாசனம் பெறும் ஊர் என்னும் அலகைக் கடந்து, ஆற்றுப் படுகை என்னும் அலகில் குடிமக்கள் கூடியது அதன் புதுமை. உத்தரமேரூர் வாரியம் தன் ஏரிக்கு மேலேயுள்ள ஊர்களைப் பற்றி ஒன்றும் செய்திருக்க முடியாது.

நகரத்தின் தாகமும் சேர்ந்தது. சுற்றுவட்டார ஊர்களின் கிணறுகளிலிருந்து லாரிகளில் நீர் சென்னைக்குச் சென்றபோது, 1987இல் சென்னைப் பெருநகர்ப் பகுதி நிலத்தடி நீர் முறைப்படுத்தும் சட்டம் வந்தது. நகரை அடுத்த செங்கல்பட்டு மாவட்ட ஊர்கள் பலவும் அதன் அட்டவணையில் இடம்பெற்றன. உரிமம் தருவதும் மறுப்பதும் அதிகாரிகள் கையில். ஊர் மன்றத்துக்கு அதில் பங்கு தரப்படவில்லை. மாநிலம் முழுமைக்கும் 2003இல் இயற்றப்பட்ட நிலத்தடி நீர்ச் சட்டம் நடைமுறைக்கே வராமல் 2013இல் நீக்கப்பட்டது. 2019 சூலையில் அத்திவரதரைக் காண மக்கள் காஞ்சியில் திரண்ட அதே வேளையில், சோலையார்பேட்டையிலிருந்து சென்னைக்குத் தண்ணீர் ரயில் ஓடிற்று. அனந்தசரசு குளத்தின் நீரடியில் நாற்பதாண்டு உறையும் திருவுருவத்தைக் காணச் சென்றோருள் எத்துணைப் பேர் தம் தெருக்கிணற்றின் ஆழத்தை அறிந்திருப்பர் என்று எண்ணத் தோன்றுகிறது.

மணிமங்கலமும் கிராமசபையும்

2017 மார்ச்சில் தமிழக அரசு குடிமராமத்துத் திட்டத்தை மீண்டும் தொடங்கியது. தொடக்க விழா நிகழ்ந்தது அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்து மணிமங்கலம் ஏரியில். சாளுக்கியன் இரண்டாம் புலிகேசியை முதலாம் நரசிம்மவர்மன் வென்ற களங்களுள் ஒன்று அவ்வூர். 100 கோடி ரூபாயில் 1,519 பணிகள் அறிவிக்கப்பட்டன. பத்து விழுக்காடு பாசனதாரர் பங்கு, பணமாகவோ உழைப்பாகவோ பொருளாகவோ, என்பது விதி. வண்டலை உழவர் தம் வயலுக்கு எடுத்துச் செல்ல இசைவும் தரப்பட்டது. இது பழைய வழக்கத்தின் நல்ல மீட்சி. எனினும், 2000ஆம் ஆண்டின் பாசன அமைப்புகளை உழவர் மேலாண்மை செய்யும் சட்டம் நிலம் வைத்திருப்போரையே நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தின் உறுப்பினராகக் காண்கிறது. குடிநீருக்கு நடக்கும் பெண், குத்தகை எழுத்து இல்லாத உழவர், ஆடு மேய்ப்பவர், சாயப்பட்டறைத் தொழிலாளர் ஆகியோர் அதன் வெளியே நிற்கின்றனர். ஏரியிலும் பிரிவினை உண்டு. 40 எக்டேருக்கு மேற்பட்ட ஆயக்கட்டு எனின் நீர்வளத் துறை. குறைவெனின் ஊராட்சி ஒன்றியம். நிலத்தடி நீர் இவ்விரண்டிலும் அடங்காது.

இவ்விடத்தில் அண்டை மாநிலங்களின் பட்டறிவு ஒப்பிடத்தக்கது. கேரளத்துப் பிளாச்சிமடையில் பெருமாட்டி ஊராட்சி 2003இல் குளிர்பான ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. அவ்வாண்டு திசம்பரில் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி நிலத்தடி நீரைப் பொதுச் சொத்தாகக் கண்டார். 2005இல் இருவர் ஆயம் நிலவுடைமை உரிமையையே மீண்டும் நிலைநாட்டியது. 1882இன் நிழல் அவ்வளவு நீண்டது. ஒன்றுபட்ட ஆந்திரத்தில், வறட்சி மிகுந்த ஏழு மாவட்டங்களில், ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் துணையோடு நடந்த திட்டம் வேறு வழியைப் பற்றியது. தடையோ தண்டமோ இல்லை. உழவரே, பெண்கள் உட்பட, மழைமானியும் அளவுநாடாவும் கொண்டு கிணற்று நீர்மட்டத்தை அளந்தனர். ஆண்டின் நீரிருப்பை ஊர்ச்சுவரில் எழுதினர். அதனைக் கொண்டு எப்பயிர் இடுவது எனப் பேசி முடிவெடுத்தனர். கட்டாயமின்றியே பல ஊர்களில் நெற்பரப்பு குறைந்தது.

தமிழகத்தில் நிலத்தடி நீரின் நிலை குறுவட்டம்தோறும் மதிப்பிடப்படுகிறது. அளவு எடுப்போர் துறை அலுவலர். முடிவு அறிக்கையாக வருகிறது. ஊராட்சிகள் கூடுவதோ கிராமசபையில். 2022 முதல் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22உம் கிராமசபை நாள்களுள் ஒன்றாயிற்று. அவ்வாண்டு ஆகத்தில் பரந்தூர் வானூர்தி நிலையத் திட்டம் அறிவிக்கப்பட்டபின், ஏகனாபுரத்து மக்கள் ஏரிகளும் விளைநிலங்களும் அழியும் என்று கூறிக் கிராமசபையில் அடுத்தடுத்துத் தீர்மானம் நிறைவேற்றினர். திட்டத்தின் நன்மை தீமை இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. நாம் நோக்கத்தக்கது, ஊர் தன் நீரைப் பற்றிப் பேசுவதற்கு இன்று எஞ்சியுள்ள அவை கிராமசபையே என்பதை அவர்கள் உணர்ந்து அதனைப் பயன்படுத்திய பாங்கு. அகவை பதினெட்டு நிரம்பி வாக்காளர் பட்டியலில் உள்ள எவரும் அங்கே பேசலாம். கால் வேலி நிலம் வேண்டியதில்லை.

அக்கிராமசபையில் ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கு படிக்கப்படுகிறது. ஊர்ப் பொதுக்கிணறு ஒன்றின் நீர்மட்டத்தை மாதந்தோறும் அளந்து, அவ்வெண்களையும் அக்கணக்கோடு சேர்த்துப் படிப்பதற்கு எச்சட்டத்தையும் திருத்த வேண்டியதில்லை. ஓர் அளவுநாடாவும் ஒரு குறிப்பேடும் போதும்.